தொட்டால்தான் சண்டை

"தள்ளினே! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

விருத்தாசலம் அடிஸ்கேலால் மேஜையை ஓங்கித் தட்டினார். சக்கரபாணி சுண்டுவிரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், விழுப்புரம் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே யுத்தம். இந்தப் பக்கம் சக்கரபாணியின் ஈயச் சிப்பாய்கள், எதிர்ப்பக்கம் பாக்கியராஜின் ஈயச் சிப்பாய்கள். இருவரும் மண்டி குமாஸ்தாக்கள். சீமைக்குக் கப்பலேறிய ஒரு ரயில் டிரைவர் பாக்கியராஜிடம் கொடுத்துவிட்டுப் போன பொம்மைகள் அவை. நடுவர், தலைமைக் கணக்கர் விருத்தாசலம். முகத்தில் ஹைகோர்ட் ஜட்ஜ் களை.

சும்மா விளையாட்டு இல்லை. முதலாளி வெகு தூரத்து அனந்தபுரத்தில் கிளை திறக்கிறார். போகிறவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மாதம் ஒரு தரம் வீடு வந்தால் பெரிது. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணுமாம், முதலாளி உத்தரவு" என்று விருத்தாசலம் சொல்லிவிட்டார். ஜெயித்தவன் இங்கே, தோற்றவன் அங்கே என்று முடிவாயிற்று.

சட்டம் சுலபம். ஒரு முறைக்கு ஆறங்குலம் நகர்த்தலாம். நம் சிப்பாயின் அடித்தட்டு எதிரியின் அடித்தட்டில் முட்ட வேண்டும். முதலில் முட்டியவன் ஜெயித்தான். நூலிழை குறைந்தாலும் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

"சட்டம்னா சட்டம்! நேர்மை வேணாமாடா?" என்று கர்ஜித்தபடி விருத்தாசலம் ஸ்கேலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் அளந்தார்.

அஞ்சரை அங்குலம்.

"ஏண்டா, முன்னால தள்ளி ஏமாத்துறவனைப் பார்த்திருக்கேன். நீ பின்னால இழுத்திருக்கியே!"

சக்கரபாணி கூரையைப் பார்த்தான்.

"சரி, தொடலை. பாக்கியராஜி, உன் முறை. ஜல்தி!"

எதிரி அரை அங்குலத்தில் நிற்கிறான். ஊதினாலே முட்டிவிடும். பாக்கியராஜ் தன் படையை அப்படியே வலப்பக்கம் திருப்பி, மைக்கூட்டைப் பார்க்க அணிவகுத்துக் கூட்டிப் போனான்.

"எதிரியை வுட்டுட்டு எங்கடா ஊர்வலம் போய்க்கினு இருக்கே?"

பாக்கியராஜ் சிரித்தே விட்டான். "அண்ணி எட்டு மாசம் ஐயா. இந்த நேரத்துல சக்கரபாணி அண்ணன் ஊர்ல இருக்க வாணாமா? நான் தோத்துக்கிறேன்."

"அதெல்லாம் செல்லாது!" சக்கரபாணி பாய்ந்தான். "இவனுக்குக் கல்யாணமாயி இருபது நாளு! இவன் பொண்டாட்டி லூர்துசெல்வி என்னைச் சும்மா வுடுமா? நான்தான் போறேன்!"

"நான் போறேன்!"

"பேஜாரு பண்ணாதடா, நான் போறேன்னா போறேன்!"

ஈயச் சிப்பாய்கள் முட்டவேயில்லை. குமாஸ்தாக்கள் முட்டிக்கொண்டார்கள்.

விருத்தாசலம் இருவரையும் விலக்கிவிட்டார். ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"ஆட்டம் கலைஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் இங்கயே இருங்க. அனந்தபுரத்துக்கு நான் போறேன்."

சக்கரபாணிக்குக் கண் கலங்கியது. பாக்கியராஜ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஐயா, நீங்க மனுசரே இல்லீங்க, தெய்வம்!"

தெய்வம் குடையை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடியது.

அவருடைய சட்டைப் பைக்குள், முதலாளி தம் கைப்பட எழுதியனுப்பிய ஒரே வரி உத்தரவு இருந்தது: 'அனந்தபுரம் கிளைக்கு விருத்தாசலம் உடனே புறப்படவும்.'