தொண்ணூற்றைந்தில் கை வைத்தவன்

“என்ரை பெற்றோலிலை மண்ணெண்ணெய் கலந்தவன் ஆரடா? அவன் விளங்குவானோ?”

பரமேஸ்வரன் போட்ட சத்தத்தில், அக்கராயன் சந்தியில் அவருடைய கடை வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி மற்றப் பக்கம் போய்ப் படுத்தது.

பின்னே என்ன? நாளைக்கு மாங்குளத்துக்கு அங்கால் கிரவல் வெளியில் கார் ஓட்டப் போட்டி. போன முறை கடைசியாய் வந்த மனிசன், இந்த முறை வவுனியாப் பெடியளுக்குப் புழுதி தீத்துவன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அவருடைய பழைய சிவப்புக் கார், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரிக் கடகடத்துக்கொண்டு நின்றது.

மெக்கானிக் சுதாகரன் எஞ்சினை நிப்பாட்டினான். பெற்றோல் கானைத் திறந்து மணந்து பார்த்தான். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இரண்டு சொட்டு விட்டு ஊதினான். தாள் காய்ந்தது. நடுவில் எண்ணெய்க் கறை மட்டும் காயாமல் கிடந்தது.

“பாத்தியளே அண்ணை? நல்ல பெற்றோல் எண்டால் தாளிலை ஒண்டும் மிஞ்சாது. இது மண்ணெண்ணெய்.”

“கொஞ்சம்தானேடா?”

“கொஞ்சமோ? எஞ்சினிலை அமுக்கத்தைக் கூட்டி வைச்சிருக்கிறம். அதுக்குத்தானே தொண்ணூற்றிரண்டு ஒக்ரேன் பெற்றோல் சரிவராது, தொண்ணூற்றைஞ்சுதான் வேணும் எண்டனான். உது நேரத்துக்கு முன்னம் வெடிக்குது. உப்பிடியே ஓடினியள் எண்டால் நாளைக்குப் பிஸ்டனைப் பொறுக்கிக்கொண்டுதான் வரவேணும்.”

அந்தத் தொண்ணூற்றைந்துக்கு அவர் பட்ட பாடு! மாங்குளம் பெற்றோல் செட்டில் தொண்ணூற்றிரண்டுதான். கிளிநொச்சியில் “நேற்றோடை முடிஞ்சுது” என்றார்கள். கொழும்பிலிருந்து தகரத்தில் வாற ரேஸ் பெற்றோல் நூறு என்று யாரோ சொல்ல, “உந்த எஞ்சினுக்கு நூறு விட்டாலும் தொண்ணூற்றைஞ்சின்ரை வேலைதான் செய்யும், சும்மா ஆடாதைங்கோ” என்று சுதாகரன் மறித்துவிட்டான். கடைசியில் வவுனியா. அங்கே கானுக்கு அடிக்க மாட்டோம் என்றவர்களோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி வென்றார். வென்ற கையோடு, பழக்க தோஷத்தில், விலையைக் குறைக்கச் சொல்லியும் கேட்டார்.

“ஐயா, மீற்றரோடை பேரம் பேசேலாது” என்று பம்பில் நின்ற பிள்ளை சிரித்தது.

பத்து வயதில் பழைய இரும்பு பொறுக்கி விற்கத் தொடங்கி, இன்றைக்குக் கடை, வயல், கார் என்று நிமிர்ந்து நிற்கிறவர். அவரையே ஒருத்தன் ஏய்ச்சுப்போட்டானாம்!

போனை எடுத்தார். வவுனியா செட்டுக்கு அடித்தார்.

“இஞ்சை பார் தம்பி! கலந்தவன் ஆரெண்டாலும் சரி. சனத்துக்கு முன்னாலை முழுத்தையும் வெளியிலை ஊத்த வைச்சு, நல்லதை நிரப்ப வைக்காட்டி என்ரை பேர் பரமேஸ்வரன் இல்லை!”

கடையில் ஒரு போத்தல் பெற்றோல் வாங்கிக்கொண்டு நின்ற அப்புத்துரைக்கும் சூடு பிடித்தது.

“விடாதை பரமேஸ்! உப்பிடியானவங்களாலைதான் என்ரை மோட்டச்சைக்கிளும் ஒரு மாதமாய் இருமுது.”

“கேட்டியே தம்பி? ஏழைச் சனத்தின்ரை வயிறு எரியுது!”

“போனை வையுங்கோ.”

கடைக்குள்ளிருந்து வந்தது அவருடைய மனிசி இரஞ்சிதம்.

“ஏன் வைக்கிறது?”

“அவையிலை பிழையில்லை. உங்கடை கானிலை நாலு லீற்றர் எடுத்தது நான்.”

போன் தானாகக் கீழே இறங்கியது.

“வியாழன் பின்னேரம் மருத்துவமாது சுகந்தினி வந்தவா. வன்னேரியிலை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோ கண்டிட்டுதாம். ஸ்கூட்டியிலை பெற்றோல் இல்லை.”

“கடைப் போத்தலைக் குடுக்கிறதுதானே? தட்டு நிறைய நிக்குது!”

“போன கிழமை அதைத்தான் குடுத்தனான். காட்டு றோட்டிலை ஸ்கூட்டி நிண்டு, அவா ரெண்டு கட்டை தூரம் உருட்டிக்கொண்டு போனவா. திரும்பியும் அதைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நல்லதை ஊத்தி அனுப்பினனான்.”

“பிள்ளை?” என்றான் சுதாகரன்.

“பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம்.”

பரமேஸ்வரனுக்கு அது காதில் ஏறவில்லை.

“கான் முட்ட நிண்டுதே! எடுத்த நாலுக்கு என்னத்தை ஊத்தினனீ?”

“நீங்கள் கத்துவியள் எண்டு, தட்டிலை நிண்ட போத்தலுகளைத் திறந்து ஊத்தினனான்.”

“எந்தப் போத்தல்?”

“எங்கடை போத்தல்தான். கடைக்குப் பின்னாலை நிக்கிற மண்ணெண்ணெய்ப் பீப்பா எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?”

அப்புத்துரை தன் கையிலிருந்த போத்தலை மெல்லத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

இரஞ்சிதம் கொப்பியில் இன்னொரு தாளைக் கிழித்தாள். அப்புத்துரையின் போத்தலை வாங்கி இரண்டு சொட்டு விட்டாள். ஊதினாள். முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்தக் கறை அதைவிடப் பெரிசு.

சுதாகரன் குனிந்து, கார்ச் சில்லடியில் விழாத ஒரு ஆணியைத் தேடத் தொடங்கினான்.

“இப்ப அந்தக் கலந்தவரை வரச்சொல்லுங்கோ” என்றாள் இரஞ்சிதம், புருசனின் முகத்தை நேரே பார்த்து. “சனத்துக்கு முன்னாலை முழுத்தையும் வெளியிலை ஊத்திப்போட்டு, நல்லதை நிரப்பித் தரட்டும்.”