மாலை கழற்றும் நாள்

கோயில் வாசலைக்கூட மிதிக்காத சற்குணம் அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டதைப் பார்த்துத் தெருவே வாயடைத்துப் போனது. ஐப்பசியில் வெளியூர் லாட்ஜில் முன்பின் தெரியாத ஒருத்தியோடு படுத்ததும், "இப்ப ரத்தம் பாத்தா ஒண்ணும் தெரியாது, தை பொறக்கட்டும். அதுவரைக்கும் வீட்டுக்காரம்மாகிட்ட நெருங்காதீங்க" என்று டாக்டர் சொன்னதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். விரதம் இருப்பவன் மனைவியைத் தொடக் கூடாது. அவனுக்கு அது போதும். விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்து உடம்பு நடுங்கும்போதெல்லாம், இது குளிரா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மனைவி பவானி "சாமி" என்று காலில் விழ வருவாள். விரல் படுவதற்குள் காலை இழுத்துக்கொள்வான்.

மார்கழியில் மலையிறங்கினான். வீட்டுக்குப் போனதும் மாலையைக் கழற்றியாக வேண்டும். அதற்கப்புறம் அவளிடம் என்ன சாக்குச் சொல்வது என்று ரயிலில் வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

கதவைத் திறந்த பவானி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் மாலை.

"நானும் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுட்டேன். தைப்பூசம் முடிஞ்சுதான் கழட்டணும்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என்ன திடீர்னு? அப்படி என்ன வேண்டுதல்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தான்.

அவன் கால் பட்டுவிடாமல் அவள் சட்டென்று தன் பாதத்தை இழுத்துக்கொண்டாள்.

"நான் உங்களைக் கேட்டேனா, சாமி?"