அண்ணன் பிடித்த கயிறு

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் அண்ணாச்சி. 'ஆழக்கயிறு' படத்துக்குக் கதைப் பரிசு கிடைக்காமப் போயிரும்" என்றார் எஸ்றா.

திரேஸ்புரம் கரையில் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலைக்கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ரோச் நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் போனவர்.

"நான் எதுக்கு சார் பரிசுக்குக் கையெழுத்துப் போடணும்?"

எஸ்றா மணலில் கைக்குட்டையை விரித்து அமர்ந்தார். மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்துவது அவருக்குப் பிழைப்பு. சினிமாக்காரர்களைத் திருத்துவது ஊழியம். சென்னையில் ஒரு திரைக்கலை மன்றம் ஆண்டுதோறும் கதை, இசை, ஒளிப்பதிவு மூன்றுக்கும் ஐந்தைந்து பேரைப் பரிசுக்கு முன்மொழியும். யார் ஜெயிப்பார் என்று எஸ்றா ஒரு மாத இதழில் முன்கூட்டியே எழுதிவிடுவார். போன வருடம் மூன்றில் இரண்டு பலித்தது. மூன்றாவது பலிக்காதது நடுவர்களின் பிழை. நடுவர் குழுத் தலைவர் அவருடைய கல்லூரித் தோழர். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்.

"தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவன் சொன்னான், நீங்க ஆறு நாளா இதே படத்துக்கு வாரீயளாமே. குத்தம் கண்டுபிடிக்கத்தானே?"

ஒரு படத்தை ஒருவர் ஆறு தடவை பார்க்க வேறு காரணம் இருக்க முடியும் என்று எஸ்றாவுக்குத் தோன்றவில்லை.

எஸ்றா நீட்டிய சிகரெட்டை ரோச் வாங்கவில்லை. "விட்டு இருபது வருசமாச்சி."

எஸ்றா கட்டுரையைப் பிரித்தார். "முதல்ல இசை. அடியில முத்துக்குளிக்கிறவன் கயிறைச் சுண்டுற காட்சியில ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. இசையமைப்பாளர் தூங்கிட்டார்னு எழுதியிருக்கேன்."

"அந்நேரம் ஒண்ணும் கேக்காது சார். கடல் இரைச்சல்கூடக் கேக்காது."

"ஒளிப்பதிவு அதைவிட மோசம். முங்கினவன் அங்கன சாகக் கிடக்கான். கேமராக்காரன் என்னடான்னா, மேல வள்ளத்துல கயிறு பிடிச்சிருக்கவன் கையையே காட்டுதான். அதுவும் படம் ஆடுது!"

"ஆடத்தான் செய்யும்."

எஸ்றாவுக்குச் சலிப்பாக இருந்தது. ரசனையைக் கற்றுக்கொடுக்க இந்தக் கரையில் இன்னொரு மிஷன் இறங்கினால்தான் உண்டு.

"சரி, கதைக்கு வாரேன். அடியில இருக்கவன் மூச்சு முட்டிக் கயிறைச் சுண்டுதான். மேல இருக்கவன் உடனே இழுக்கணும். ஆனா பீடி பத்த வைக்கத் திரும்பிட்டான், முங்கினவன் செத்தான். இது ஒரு கதையா? துரோகம் உண்டா, சொத்துத் தகராறு உண்டா? ஒரு பீடிக்கா மனுஷன் சாவான்?"

"பீடிக்கும் சாவான் சார்."

"அதை விடுங்க. பெரிய தப்பு இனிமேதான் வருது." எஸ்றா குரலைத் தாழ்த்தினார். "படத்துல கயிறு பிடிக்கது யாரு? முங்கினவனோட அண்ணன். உங்க கரையில அண்ணன் தம்பியை நம்பிக் கயிறைக் கொடுப்பீயளா?"

ரோச்சின் கை வலையில் நின்றது. "மாட்டோம்."

"யாரு பிடிப்பா?"

"மச்சான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன்."

"ஏன்னா அண்ணன் தம்பிக்கு வீட்டுல பங்கு இருக்கு. மச்சானுக்குத் தங்கச்சி தாலி இருக்கு. கண்ணை இமைக்க மாட்டான். சரிதானே?"

"சரிதான்" என்றார் ரோச்.

"போதும்! கதை எழுதினவன் 'நெய்தலன்'னு புனைபேர் வச்சிருக்கான். கடலைப் படத்துல பாத்திருப்பான் போல. 'கரை வழக்கம் அறியாத கற்றுக்குட்டி'ன்னு எழுதியிருக்கேன். பழைய முத்துக்குளிக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா நடுவர்கள் வாயடைச்சுப் போவாங்க."

"சில வீட்டுல அண்ணனும் பிடிக்கது உண்டுன்னு போட முடியாதா?"

"உண்டா?"

ரோச் கடலைப் பார்த்தார். பொய் வாய்வரைக்கும் வந்து நின்றது. "இல்ல."

"பெறகென்ன?"

"பரிசு கிடைக்கலைன்னா அந்தப் பய என்ன ஆவான்?"

"அவனுக்கு இது முதல் படம். ஓடவும் இல்ல. பரிசு வந்தா அடுத்த படம் உண்டு. வரலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்" என்ற எஸ்றா, பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

ரோச் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். காகிதத்தைத் தொடையில் வைத்தார். எழுதவில்லை.

"போடுதேன் சார். மச்சான்தான் பிடிப்பான்னு நல்லா பெருசாவே போடுங்க. கூடவே என் பேரும் வரட்டும். ஆனா வழக்கம் அறியாதவன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீயள்லா, அதை மட்டும் அடிச்சிருங்க."

"ஏன் அடிக்கணும்? தெரியாமத்தானே எழுதினான்?"

"தெரிஞ்சேதான் எழுதினான். உங்க நெய்தலன் என் தங்கச்சி விக்டோரியா மவன். அவன் அப்பன் கிளாட்வின் அடியில கிடந்து கயிறைச் சுண்டுறப்போ, மேல பீடி பத்த வச்ச மச்சான் நாந்தான். மாமன் ஊருக்குள்ள தலை குனியக் கூடாதுன்னு அண்ணன்னு மாத்திட்டான் சார். கிளாட்வினுக்கு அண்ணனே கிடையாது."