இடது ஃபுட்ரெஸ்ட்

தேய்ந்த டயருக்கு ஆயிரம் குறைத்தான் வண்டி வாங்க வந்த மணிவாசகம். ஆயில் ஒழுகலுக்கு ஐந்நூறு. வண்டியை விற்கும் தேவசகாயம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பின்சீட்டின் இடது ஃபுட்ரெஸ்ட் மட்டும் மேலே தூக்கி வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது.

“இதை அறுத்து மாத்தணும் சார். முந்நூறு ஆகும்.”

“எஸ்தர் கட்டையா இருப்பா தம்பி, கால் எட்டாது. அதான் ஏத்தி வச்சேன்” என்றார். அவர் மனைவி எஸ்தர் இறந்து ஒரு வருடமாகிறது. “கொறைச்சுக்கிடுங்க.”

கூட வந்திருந்த மணிவாசகத்தின் மனைவி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவளும் குள்ளம்தான். பாதம் அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

“மாத்தாதீங்க, எனக்கு எட்டுது.”

மணிவாசகம் அந்த முந்நூறைக் குறைக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கேட்டைத் திறந்துவிட்ட தேவசகாயம் சொன்னார்: “மெதுவாப் போங்க தம்பி. வேகமாப் போனா அவ பயப்படுவா.”