எழுபது சதவீதத்தில்

“இதை மட்டும் மாத்திட்டா போதும். அப்புறம் எது கெட்டுப்போனாலும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். இங்கேருந்தே உள்ள வந்து, நானே சரிபண்ணிட்டுப் போயிடுவேன்.”

“நான் போன்ல இருக்க வேண்டாமா?”

“நீங்க தூங்கலாம்.”

“ஓ,” என்றான் அவள் கணவன்.

அந்த ‘ஓ’ சொல்லி இன்றோடு எட்டுச் சனிக்கிழமை.

அவள் வேலை பார்க்கும் ஊருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முழு ராத்திரி ரயில் பயணம். இருநூறு கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் அது. எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, அவன் கட்டடப் பிளான் வரைகிற கம்ப்யூட்டர். அது மட்டும் அவளுக்கு மசியவில்லை.

அதில் இருந்தது, கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாஃப்ட்வேரின் சாதாரண ஹோம் எடிஷன். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குள் நேரே நுழைய முடியாது. புரொபஷனல் எடிஷனாக மாற்றிவிட்டால் அந்த வசதி வந்துவிடும். அதற்கான லைசென்ஸ் கீயைக்கூட வாங்கி அனுப்பிவிட்டாள். அரை மணி நேர வேலை.

ஆனால் எழுபது சதவீதத்தைத் தொட்டதும் மெஷின் அணைந்துவிடும். மறுபடி போட்டால், பண்ணியதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பழைய எடிஷனிலேயே வந்து நிற்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் போன். அவள் சொல்லச் சொல்ல அவன் செய்வான். டிஸ்கில் இடம் காலி செய்தார்கள். ஆன்டி வைரஸை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினான். ஆறு தும்மல், அவள் எண்ணினாள். போன வாரம் புது பவர் சப்ளையே வாங்கி மாட்டிவிட்டான்.

“டாக்டரம்மா, பேஷண்ட் தேறுமா?” என்று கேட்பான்.

சதவீதம் ஏறுகிற நேரத்தில் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் யாரும் போனை வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் சீலிங் ஃபேன் கடகடப்பது கேட்கும். குழாய் திறந்து மூடும். அவன் கொட்டாவி விடுவான். அது போன் வழியாக வந்து அவளையும் தொற்றிக்கொள்ளும்.

அந்த அரை மணி நேரம்தான் வாரத்தில் அவள் வீட்டில் இருக்கிற நேரம்.

இன்று அவள் மேஜைமேல் ஒரு கடிதம் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கென்று வந்த வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். விஷயத்தைச் சொன்னபோது அவன், “உன் இஷ்டம்மா” என்றான். குழம்பில் உப்பில்லை என்றாலும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துபோகிற ஜாதி.

ஒரே ஒரு தடவை ‘வா’ என்று அவன் சொன்னால் போதும். சொல்லித் தொலைக்கிறானா!

“அறுபத்தெட்டு...” என்று படித்தான். “அறுபத்தொன்பது... எழுபது.”



“போச்சு. அணைஞ்சிடுச்சும்மா.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“மறுபடி போடுங்க. அதுக்குள்ள லாக்னு ஒண்ணு இருக்கும், நடந்ததையெல்லாம் அதுவே எழுதி வச்சிருக்கும். எங்க இருக்குன்னு சொல்றேன், மெயில்ல அனுப்புங்க.”

“எல்லாத்தையுமா எழுதும்?”

“அனுப்புங்க.”

அனுப்பிவிட்டான். அவள் திறந்தாள்.

கரண்ட் போய் அணைந்தால் லாக் ஒருவிதமாக எழுதும். பட்டனைப் பிடித்து அணைத்தால் வேறுவிதமாக எழுதும். இங்கே எட்டுச் சனிக்கிழமைக்கும் எட்டுக் குறிப்புகள் இருந்தன. எட்டும் ஒரே மாதிரி.

பவர் பட்டன் நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கப்பட்டது.

திரும்ப ஒருமுறை படித்தாள். ஒரு குற்றமும் செய்யாத பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி, ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறான் மனுஷன்.

“என்ன போட்டிருக்கு?” குரல் உள்ளே போயிருந்தது.

“உங்க விரல் பேர் போட்டிருக்கு.”



“இது சரியாயிட்டா...” என்று இழுத்தான். “நீ பாட்டுக்கு வந்து சரிபண்ணிட்டு, சத்தமில்லாமப் போயிடுவே. எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மூக்கை உறிஞ்ச வேண்டியும் வந்தது.

“நான் மட்டும் என்ன யோக்கியமா? நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதல்ல லாக்கைத்தான் கேப்பான். ஏழு வாரமா நான் கேக்கவே இல்லை.”

அவனுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது.

“அடிப்பாவி,” என்றான் மெதுவாக. “பவர் சப்ளை வாங்கறப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொன்னீங்களா? பட்டனை அமுக்கத் தெரியுது, வாயைத் திறந்து கேக்கத் தெரியலை.”

“கேட்டு, நீ முடியாதுன்னுட்டா?”

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் பயம் அது.

“கேட்டுத்தான் பாருங்களேன்,” என்றாள்.

நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றுவிட்டான் போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

“கையெழுத்துப் போடாதே. வந்துடு. எனக்கு நீ இங்க வேணும்.”