லூவீனியா அக்காவின் வழியனுப்பு

"பெட்டியைத் திற."

ஊர்ப் போலீஸின் துணை ஷெரிஃப் கிரப் தேவாலய வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். சவப்பெட்டியைத் தூக்கி வந்த பருத்திக்காட்டு ஆட்கள் வெயிலில் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் வந்த நர்ஸ் கோரா மட்டும் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. அவளுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, பின்னால் வந்த பெண்களுக்கும் அப்படியே. கறுப்பினப் பெண்கள் கல்லூரியில் படிக்கும்போது சேர்கிற சகோதரியர் சங்கம் அவர்களுடையது. சேர்ந்தால் சாகிறவரை விடாது. ஒருத்தி போனால் மற்றவர்கள் வெள்ளை உடுத்தி வந்து வழியனுப்புவார்கள்.

"எதுக்குத் திறக்கணும்?" என்றாள் கோரா.

"ஓட்டுப் பாடப் புத்தகம் எதையாவது உள்ள வச்சுக் கடத்துவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

"உள்ள லூவீனியா அக்கா இருக்காங்க."

"லூவீனியாவா? அந்த டீச்சரா? போன வாரம்கூட என்கிட்ட வாயடிச்சாளே."

"மிசஸ் பெட்டிஃபோர்டுன்னு சொல்லுங்க."

கிரப்பின் முகம் கழுத்து வரை சிவந்தது. 1962 பிறந்தும், இந்த மிசிசிப்பிச் சீமையில் கறுப்பினப் பெண்ணை மிசஸ் என்று கூப்பிடும் வெள்ளைக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

லூவீனியாதான் சங்கத் தலைவி. வாக்காளர் வகுப்பு நடத்தியவளும் அவள்தான். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் வாக்காளர் பதிவு. அரசியல் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவை நீட்டி, விளக்கம் எழுது என்பார்கள். வக்கீலே திணறுகிற பிரிவாகப் பார்த்துத்தான் கறுப்பர்களிடம் நீட்டுவார்கள். பெயர் கொடுத்த பாவத்துக்கே பண்ணைக்காரர்கள் பல பேரைக் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தேறாவிட்டால் வீடும் போய் ஓட்டும் போய் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, கறுப்பர்கள் எங்கேயும் கூட்டம் கூடக் கூடாது என்று ஷெரிஃப் உத்தரவு போட்டார். வகுப்பு பாதியில் நின்றது. லூவீனியா அளவுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆளும் இல்லை.

பெயர் கொடுத்த அந்த ஆட்கள்தான் இப்போது பெட்டியைத் தோளில் சுமந்து நின்றார்கள்.

"உங்க சங்கம் பண்ணைப் பிள்ளைங்களுக்கு அம்மை ஊசி போட்டுச்சு, பால் குடுத்துச்சு. யாராச்சும் ஏன்னு கேட்டோமா? அதோட நிறுத்தியிருக்கலாம்ல?" என்றான் கிரப்.

"ஏன் கேக்கல? அப்பவும் துப்பாக்கியோட வந்து நின்னு, பண்ணை மண்ணுல காலை வைக்கக் கூடாதுன்னீங்க. எங்க அக்காமாரு காரை விட்டு இறங்காமலே ஊசி போட்டுட்டுப் போனாங்க."

"வாய் ரொம்பத்தான் நீளுது. திற."

பெட்டியை இறக்கித் திறந்தார்கள். வெள்ளை உடையில் லூவீனியா கண்மூடிக் கிடந்தாள். முகமெல்லாம் பவுடர். மார்பை மறைத்துப் பெரிய மலர்க்கொத்து. ஓர் ஈ வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. கோரா அவசரமாக விசிறியால் விரட்டினாள்.

கிரப் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றலாமா என்று கையைக் கொண்டுபோனவன், இவளுக்கு என்ன மரியாதை என்று தோன்றியதோ என்னவோ, இறக்கிக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்துல வேலையை விட்டுத் தூக்கினதும் நெஞ்சு வெடிச்சிருச்சா?"

"அவங்க நெஞ்சு அவ்வளவு லேசுல வெடிக்காது. ஷெரிஃப் போட்ட தடையைக் கேட்டாங்க. அப்புறம்தான் படுத்தாங்க."

"ஆக, வகுப்புக்கும் இன்னைக்கே சேர்த்து அடக்கம்." கிரப் வாய்விட்டுச் சிரித்தான்.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கோரா கையை நீட்டித் தடுத்தாள்.

"எங்க சங்கத்துல ஒருத்தி படுத்தா அவ வேலை படுக்காது. மூடலாமா? வெயில் ஏறுது."

"மூடு. நானும் உள்ள வந்து உக்கார்றேன்."

"அது மட்டும் நடக்காது. இது எங்க சங்கத்துச் சடங்கு, வெளியாள் பார்க்கக் கூடாது. உங்க ஆம்பளைங்க சங்கத்துல கதவைச் சாத்திக்கிட்டு என்னென்னவோ பண்றீங்க. நாங்க வந்து எட்டிப் பார்த்தோமா?"

கிரப்புக்குச் சுருக்கென்றது. ராத்திரியில் முகமூடி போட்டுக் கறுப்பர்களை மிரட்டக் கிளம்பும் அந்தச் சங்கத்தைப் பற்றி இவள் வாயால் ஊர் நடுவே கேட்க அவனுக்கு விருப்பமில்லை.

"அப்ப இந்தப் பண்ணையாளுங்க மட்டும் எதுக்கு உள்ள போறானுங்க?"

"இவங்க எல்லாம் அக்காவுக்கு வேண்டியவங்க."

"இத்தனை பேருமா?"

"அக்காவுக்குப் பெரிய குடும்பம்."

கிரப் காறித் துப்பிவிட்டு வழியை விட்டான். எதிர்ப்புற மரத்தடியில் நின்ற காரில் போய்ச் சாய்ந்துகொண்டான். சாவுக்குக் கூடுவதற்கு மட்டும் ஷெரிஃப் உத்தரவில் விலக்கு உண்டு. அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டி உள்ளே போனது. கடைசி ஆள் நுழைந்ததும் கோரா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலோரம் நின்ற பெண்கள் துக்கப் பாட்டை எடுத்தார்கள். அது தெருவரைக்கும் கேட்டது. கோரா பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

லூவீனியா எழுந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"பாடுறவங்க நிறுத்திடாதீங்க. மத்தவங்க எல்லாம் முன்னால வாங்க. போன தடவை எந்தப் பிரிவுல விட்டோம்?"