பொய் என்று சொல்ல வந்தவர்கள்

ஹெப்சிபா டீச்சர் திருட்டுத்தனமாகக் குறி கேட்கப் போனார் என்று யாரோ கிளப்பிவிட்ட பொய்யைச் சபை வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் பகிர்ந்திருந்தார்கள். பொய்யைப் பகிர்ந்தவர், அந்தப் பொய்க்கு ஆளானவரின் வீடு தேடிப் போய், முகம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதுவரை பகிர்ந்தவரின் போன் பூட்டியே கிடக்கும்.

அதனால் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் யாராவது வந்தார்கள். டீச்சரின் கணவரை அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டுப் படி ஏறாதவர்கள்கூட வந்தார்கள். டீச்சர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. டீயும் அச்சுமுறுக்கும் வைத்தார்.

இன்று பாடகர் குழு ஜெபசிங் வந்து, வாசலிலேயே நின்றான்.

"நான் பரப்புனது பொய் டீச்சர். மன்னிச்சிருங்க."

அவன் கையிலிருந்த போன் திறந்துகொண்டது.

"உள்ள வந்து உக்காருப்பா. டீ போட்டுட்டேன்."

"இல்ல டீச்சர், சோலி கெடக்கு. இனி ஒருத்தரும் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நான்தான் கடைசி."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவனுக்குப் போட்ட டீயையும் டீச்சரே குடித்தார். பிறகு போனை எடுத்து, பெயர் காட்டாமல் சபைக் குழுவில் எழுதினார்: "ஹெப்சிபா டீச்சர் மறுபடியும் குறி கேட்கப் போனாங்களாம்."

அனுப்பிவிட்டு, அச்சுமுறுக்குக்கு மாவு கரைக்க எழுந்தார்.